'யார் நீ?' எனக் கேட்கும் கம்பி: கணினியின் வன்பொருள் முகவரியும் அதை மாற்றுதலும்

ஃபைபரும் வைஃபை ரவுட்டரும் வீட்டுக்கு வீடு வருவதற்கு முந்தைய ஆண்டுகளில், திண்டுக்கல் நாகல்நகரிலோ பேகம்பூரிலோ கேபிள்காரர் வழியாக இணைய இணைப்பு வாங்கியவர்களுக்கு ஒரு வாக்கியம் பழகியிருக்கும். பழைய கணினியை ஓரங்கட்டிவிட்டுப் புதிதாக ஒன்றை வாங்கிவந்து அதே கம்பியைச் செருகினால் நெட் வராது. போன் செய்தால், 'மெசின மாத்துனீங்களா சார்? மேக் மாறிப்போச்சு, அதான் வரல. ஆபீஸ்ல சொல்லி ரீசெட் பண்ணணும்' என்பார்கள். மாதாமாதம் பணம் கட்டுகிற ஆள் அதே ஆள், வீடு அதே வீடு, கம்பியும் அதே கம்பி. ஆனாலும் ரீசெட் ஆகும்வரை, சனிக்கிழமை மாலை என்றால் திங்கள் காலைவரை, அவர் அந்தக் கம்பிக்கு அந்நியர்.

இதற்கு மருந்தும் ஊரிலேயே இருந்தது. கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தரும் கடைப் பையன்கள் யாராவது வந்து, பழைய கணினியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதைப் புதிய கணினிக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஐந்து நிமிட வேலை. நெட் வந்துவிடும். அந்தப் பக்கம் இருக்கிற இயந்திரம் பழைய ஆளே திரும்பிவந்துவிட்டதாக நம்பிவிடும்.

இந்தச் சின்ன விசயத்தை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம். வன்பொருளிலேயே பொறிக்கப்பட்டது, பிறவி எண், மாற்ற முடியாதது என்றெல்லாம் சொல்லப்படுகிற ஒன்றை ஒரு கடைப் பையன் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிட்டுப் போகிறான் என்றால் அது எந்த அர்த்தத்தில் பிறவி எண்? அதை வைத்து 'இன்னார் இன்ன நேரத்தில் இங்கே இருந்தார்' என்று காவல் நிலையமும் நீதிமன்றமும் பேசுகிறபோது, அந்தப் பேச்சு எதன் மேல் நிற்கிறது? இவ்விரண்டையும் புரிந்துகொள்ள அந்த எண் எப்படிப் பிறந்தது, எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

மேக் முகவரி என்பது (ஆப்பிள்காரர்களின் மேக் வேறு, இது வேறு) 48 பிட்டுகள் கொண்ட ஓர் எண். ஒரே கம்பியில் அல்லது ஒரே அலைவரிசையில் பல கருவிகள் கூடியிருக்கையில் யார், யாருக்கு, எப்போது பேசலாம் என்கிற ஒழுங்குக்காக வந்தது. எழுதும்போது 12 இலக்கமாக, இரண்டிரண்டாகப் பிரித்து ஆறு ஜோடிகளாக எழுதுவார்கள். ஒவ்வொரு இலக்கமும் 0 முதல் 9 வரையும், பிறகு ஏ முதல் எஃப் வரையும் ஏதாவது ஒன்று. முதல் மூன்று ஜோடிகள் கருவியைச் செய்த நிறுவனத்தின் அடையாளம். அதை ஐ.இ.இ.இ. என்கிற பொறியாளர்கள் அமைப்பு காசுக்கு விற்கிறது. மீதி மூன்று ஜோடிகளை நிறுவனம் தன் இஷ்டத்துக்கு வரிசைப்படுத்திக்கொள்ளும். ஒரு முன்னெண்ணை வாங்கினால் 1,67,77,216 கருவிகளுக்குப் போதும். மொத்த இருப்பு சுமார் 281 லட்சம் கோடி எண்கள். உலகத்தில் எந்த இரண்டு கருவிக்கும் ஒரே எண் வரக்கூடாது என்பது ஏற்பாடு.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. 1973இல் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் ஈதர்நெட்டைப் பரிசோதனையாகச் செய்தபோது முகவரிக்கு 8 பிட்டுகளே இருந்தன. 255 கருவிகளுக்கு மேல் இடமில்லை. அந்தந்த இடத்தில் இருந்தவர்களே தங்கள் கருவிக்கு எண் வைத்துக்கொண்டார்கள். ஒரு தெருவில் பெயர் ஒன்றாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும், அடுத்த ஊரில் அதே பெயரில் இன்னொருவர் இருப்பது பற்றிக் கவலையில்லை என்பது போல. ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு வேறு கட்டிடத்துக்குப் போனால்தான் தகராறு. அங்கே அதே எண்ணில் ஏற்கெனவே ஒன்று உட்கார்ந்திருக்கும்.

1980இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் மூன்றும் சேர்ந்து ஈதர்நெட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது எண்ணை 48 பிட்டாக நீட்டினார்கள். ஏன் இப்படி என்று விளக்கி 1981இல் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் யோகன் தலால், ராபர்ட் பிரின்டிஸ் என்கிற இருவர். தலால் பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்துப் போனவர். இணையத்தின் அடிப்படை நெறிமுறையை 1974இல் எழுதிய மூவரில் ஒருவர். அந்தக் கட்டுரையின் வாதம் எளிமையானது: முகவரி இடத்தைச் சார்ந்து இருக்கக் கூடாது, கருவியைச் சார்ந்து இருக்க வேண்டும், எங்கே தூக்கிக்கொண்டு போனாலும் அதே எண் கூடவே வர வேண்டும், அதைத் தொழிற்சாலையிலேயே கொடுத்துவிட வேண்டும். பொறியியலாகப் பார்த்தால் நல்ல தீர்வு. எந்தத் தகராறும் இல்லாமல் கோடிக்கணக்கான கருவிகள் இன்றைக்கும் பேசிக்கொள்வதற்கு இது ஒரு காரணம். ஆனால் இதற்குள் இன்னொரு காரியமும் நடந்துவிட்டது. பெயர் வைக்கும் உரிமை கருவியை வைத்திருக்கிறவரிடமிருந்து அதைச் செய்கிறவரிடம் போய்ச் சேர்ந்தது. 'எங்கே போனாலும் அதே எண் கூடவே வரும்' என்பது அன்று வசதியாக எழுதப்பட்ட வாக்கியம். அதையே இன்னொரு குரலில் படித்தால் வேறொன்று கேட்கும்.

ஆனாலும் அந்தத் தரநிலையை எழுதியவர்கள் ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் ஜோடிக்குள் ஒரு பிட், 'இது உலகப் பொது எண்ணா, இந்த இடத்துக்காரர்கள் தாங்களே வைத்துக்கொண்ட எண்ணா' என்று சொல்வதற்காகவே ஒதுக்கப்பட்டிருக்கிறது. முகவரியின் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, இ ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால் அது உள்ளூர் எண். 02:35:71:46:90:18 என்று நான் இப்போது வாய்க்கு வந்தபடி எழுதுகிற எண்ணை எந்த நிறுவனமும் தன்னுடையது என்று உரிமை கொண்டாட முடியாது. முகவரியை மாற்றிக்கொள்வது ஏதோ பின்வாசல் வேலை, ஹேக்கர் தந்திரம் என்கிற பேச்சு தரநிலையையே படிக்காத பேச்சு. 1980களில் டிஜிட்டல் நிறுவனத்தின் டெக்நெட் மென்பொருள், இயங்கத் தொடங்கியதுமே அட்டையின் எண்ணை நீக்கிவிட்டுத் தன் கணக்குப்படி புது எண்ணை வைத்துக்கொள்ளும். அதை யாரும் மோசடி என்று சொன்னதில்லை.

'பொறிக்கப்பட்டது' என்ற சொல்லின் நிலையையும் பார்த்துவிடுவோம். வலையட்டைக்குள் ஒரு சிறு நினைவகத்தில் அந்த எண் எழுதப்பட்டிருக்கிறது. உண்மைதான். ஆனால் கம்பியில் போவது அந்த நினைவகம் அல்ல. கணினி எழுந்ததும் இயங்குதளம் அந்த எண்ணைப் படித்து வேறோர் இடத்தில் நகலெடுத்து வைத்துக்கொள்கிறது. அதன் பிறகு அனுப்புகிற ஒவ்வொரு பொட்டலத்தின் நெற்றியிலும் அந்த நகலைத்தான் ஒட்டுகிறது. நகலை மாற்றினால் நெற்றியில் இருப்பது மாறிவிடும். நினைவகத்தில் இருப்பது அப்படியே இருக்கும், யாரும் அதைப் போய்ப் பார்ப்பதில்லை. மூலம் எங்கோ ஒரு மூலையில் சும்மா கிடக்க, பிரதிதான் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது.

கம்பியில் நடப்பது ஒரு விளிப்பு. 1982இல் டேவிட் பிளம்மர் எழுதிய ஒரு சிறு நெறிமுறை இன்றுவரை எல்லா வீட்டு வலைகளிலும் அலுவலக வலைகளிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு கருவி எல்லோருக்கும் கேட்கும்படி கத்துகிறது: 'இந்த ஐ.பி. எண் யாருடையது?' கூட்டத்திலிருந்து ஒன்று பதில் சொல்கிறது: 'நான்தான், என் மேக் இது.' கேட்ட கருவி அதை அப்படியே நம்பிக் குறித்துக்கொள்கிறது. சாட்சி கிடையாது, சரிபார்ப்பு கிடையாது. தெருவில் போலீஸ்காரர் 'ஏய், நீதான்!' என்று கூப்பிட, திரும்பிப் பார்க்கிற கணத்தில் ஒருவர் தன்னிலையாகிறார் என்று அல்தூசர் 1970இல் எழுதியதை நம் இதழ்களில் நிறையவே பேசியாயிற்று. இங்கே அது உவமையாக இல்லாமல் மின்துடிப்பாகவே நடக்கிறது. எதற்குப் பதில் சொல்கிறதோ அதுவாகவே அந்தக் கருவி ஆகிறது. வேறொன்றின் பெயருக்கு முந்திக்கொண்டு பதில் சொன்னால் வேறொன்றாகவும் ஆகிவிடும்; உள்வலைகளில் நடக்கும் களவுகள் பலவும் இந்த வழியில்தான்.

சரி, எப்படி மாற்றுவது? விண்டோசில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, வலையட்டையின் பண்புகளுக்குள் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 'நெட்வொர்க் அட்ரஸ்' அல்லது 'லோக்கலி அட்மினிஸ்டர்டு அட்ரஸ்' என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதில் 12 இலக்கத்தையும் இடைவெளியோ புள்ளியோ இல்லாமல் தட்டிவிட்டு அட்டையை ஒருமுறை நிறுத்தி மீண்டும் இயக்கினால் முடிந்தது. வைஃபை அட்டை என்றால் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, இ என்பதில் கவனம் வேண்டும். இல்லையென்றால் விண்டோஸ் சத்தமில்லாமல் பழைய எண்ணுக்கே போய்விடும், நாம் மாறிவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்போம். அந்த வரியே இல்லாத அட்டைகளும் உண்டு. விண்டோஸ் 10 முதல், வைஃபை அமைப்புப் பக்கத்திலேயே 'ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸ்' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, அட்டை ஒத்துழைத்தால். லினக்சில் வேலை இன்னும் நேரடியானது: நிர்வாகி உரிமையோடு அட்டையை இறக்கி, புது எண்ணைக் கொடுத்து, மீண்டும் ஏற்ற மூன்று வரிக் கட்டளை. கட்டளை வேண்டாதவர்கள் நெட்வொர்க் மேனேஜரில் இணைப்பைத் திறந்து 'குளோன்டு அட்ரஸ்' என்ற பெட்டியில் எழுதிக்கொள்ளலாம். 'ரேண்டம்' என்று கொடுத்தால் ஒவ்வொரு முறையும் அதுவே புதிதாக ஒன்றைப் போட்டுக்கொள்ளும். கட்டளையால் மாற்றியது கணினியை அணைத்தால் போய்விடும், பெட்டியில் எழுதியது நிற்கும். 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் பாஸ் லினக்ஸ் போட்ட கணினிகள் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு வந்தன. பலர் வீட்டில் அது மூலையில் கிடக்கிறது. எடுத்துத் தூசி தட்டினால் இதைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல கருவி வேண்டியதில்லை.

ரவுட்டர்களில் 'மேக் குளோன்' என்று ஒரு பொத்தானே உண்டு. மேலே சொன்ன கேபிள்காரர் தகராறுக்காகவே வந்த பொத்தான் அது. ஒரு கணினியின் எண்ணை ரவுட்டர் தன் எண்ணாகச் சொல்லிக்கொள்ளும். ஒரே உள்வலையில் ஒரே எண்ணோடு இரண்டு கருவிகள் இருக்கக் கூடாது என்பது மட்டும் எச்சரிக்கை. நடுவில் இருக்கிற சுவிட்ச், இந்த எண் எந்தத் துளையில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். இரண்டு பக்கமிருந்தும் அதே எண் பேசினால் பட்டியல் முன்னும் பின்னும் ஆடி, இருவருக்குமே பாதி வரும், பாதி வராது.

இங்கே நம் நண்பர்கள் பலரிடம் இருக்கிற ஒரு நம்பிக்கையைக் கொஞ்சம் கலைக்க வேண்டியிருக்கிறது. 'மேக்கை மாத்திட்டேன் தோழர், இனிமே எவனும் கண்டுபிடிக்க முடியாது' என்பது அந்த நம்பிக்கை. அப்படியெல்லாம் இல்லை. மேக் முகவரி உங்கள் வீட்டு ரவுட்டரைத் தாண்டிப் போவதே இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் பழைய நெற்றிச் சீட்டு கிழிக்கப்பட்டு, அடுத்த கட்டத்தின் சீட்டு ஒட்டப்படுகிறது. நீங்கள் பார்க்கிற இணையதளத்துக்கு உங்கள் மேக் தெரியாது; ஐ.பி. எண்தான் தெரியும். அந்த ஐ.பி. எண் எந்த நேரத்தில் எந்தச் சந்தாதாரருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது என்பது சேவை நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கும். ரயில் நிலையத்து வைஃபையில் நுழைய உங்கள் கைபேசிக்கு ஓ.டி.பி. வருகிறது, அதைத் தட்டிய பிறகு மேக்கை மாற்றி என்ன, மாற்றாமல் என்ன? பிரவுசிங் சென்டர் என்றால் 2011ஆம் ஆண்டு விதிகளின்படி அடையாள அட்டை கேட்டு, பதிவேட்டில் எழுதி, ஓராண்டு வைத்திருக்க வேண்டும். ஆக, மேக்கை மாற்றுவது உள்வலையில் இருப்பவரிடமிருந்து மட்டும்தான் காக்கும்: விடுதி, அலுவலகம், நூலகம், கடைவீதி வைஃபை. அதுவும் அவர் உங்களை வேறு வழியில் அறியாதவராக இருந்தால்.

மறுபக்கம், மேக்கை வைத்துக் காவல் காப்பதும் அதே அளவுக்குப் பொக்கை. வைஃபையில் 'இந்த இந்த மேக் மட்டும் உள்ளே வரலாம்' என்று பட்டியல் போடுகிற அலுவலகங்கள் இன்றும் உண்டு. திண்டுக்கல்காரர்களுக்கு இதைப் பூட்டை வைத்துச் சொல்வது எளிது. மாங்காய்ப் பூட்டோ வேறெதுவோ, பூட்டு உங்கள் பெயரைக் கேட்பதில்லை. சாவியின் பற்கள் உள்ளே இருக்கிற தகடுகளோடு பொருந்துகின்றனவா என்று மட்டும் பார்க்கும். அதனால்தான் சாவியை மடியில் முடிந்து வைக்கிறோம். மேக் பட்டியல் என்பது சாவியின் பற்கள் எப்படி இருக்கும் என்பதை ஒவ்வொருவரும் வாசலில் நின்று உரக்கச் சொல்லிவிட்டு நுழையும் பூட்டு. வைஃபையில் கடவுச்சொல் போட்டு உள்ளடக்கத்தை மறையாக்கம் செய்தாலும் நெற்றிச் சீட்டு மட்டும் வெளிப்படையாகவே காற்றில் போகிறது. பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து ஒருவர் அதைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் செய்த பூட்டில் அந்தப் பெயரை வெட்டி விற்கக் கூடாது என்பதற்கு இப்போது சட்டம் இருக்கிறது. பெயர் வெட்டியிருக்கிறது என்பதற்காகப் பூட்டு நல்ல பூட்டு ஆகிவிடாது என்பது பட்டறையில் வேலை பார்க்கிற யாருக்கும் தெரியும், தட்டிப் பார்ப்பார்கள். வலைகள் தட்டிப் பார்ப்பதில்லை.

இவ்வளவு பலவீனமான எண்ணைத்தான் மனிதர்களின் மேல் ஒட்டுகிறார்கள். நம்மைப் போல எழுதுகிறவர்களுக்குத் தொடர்புள்ள ஒன்றை முதலில் சொல்கிறேன். மைக்ரோசாஃப்டின் ஆஃபீஸ் 97இல் வேர்டு கோப்பு ஒன்றைச் சேமித்தால், அதன் வயிற்றுக்குள் ஓர் அடையாளக் குறி எழுதப்படும். கணினியில் வலையட்டை இருந்தால் அந்தக் குறியின் ஒரு பகுதி அதன் மேக் முகவரிதான். 1999 மார்ச்சில் இது வெளியே தெரியவந்தது. அதே மாதம் பரவிய மெலிசா வைரசைச் செய்தவரைத் தேடியபோதும் கோப்புகளுக்குள் இருந்த இந்தக் குறிகள் பேச்சுக்கு வந்தன. பெயரில்லாமல் எழுதிய துண்டறிக்கையோ புனைபெயரில் அனுப்பிய கதையோ, அந்த ஆண்டுகளில் வேர்டு கோப்பாகப் போயிருந்தால், தட்டிய கணினியின் எண்ணும் சேர்ந்தே போயிருக்கும். ஆசிரியன் செத்துவிட்டான் என்று நாம் இங்கே பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்த அதே நேரத்தில்.

அடுத்தது ஆரன் ஸ்வார்ட்ஸ். 2010 செப்டம்பரில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் (குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, பாஸ்டன் பக்கத்தில் இருப்பது) வலையில் தன் மடிக்கணினியை இணைத்து, ஜேஸ்டோர் என்கிற ஆய்விதழ்க் களஞ்சியத்திலிருந்து கட்டுரைகளை மொத்தமாக இறக்கத் தொடங்கினார். ஐ.பி.யைத் தடுத்தார்கள், வேறு ஐ.பி. எடுத்தார். பிறகு அந்தக் கணினியின் மேக்கையே தடுத்தார்கள், அவர் மேக்கை மாற்றினார். கடைசி எழுத்தை ஒரே ஒரு படி நகர்த்தினார், அவ்வளவுதான். ஒளிய நினைக்கிறவர் செய்கிற மாற்றமாக அது எனக்குத் தோன்றவில்லை. 2011 ஜனவரியில் கைது. ஜூலையில் வந்த குற்றப்பத்திரிகை, சுமார் 48 லட்சம் கட்டுரைகள் என்று கணக்குச் சொன்னது. மேக்கை மாற்றியதை அவருடைய வஞ்சக எண்ணத்துக்கு அடையாளமாக எடுத்து வைத்தது. ஜேஸ்டோர் வழக்கை விரும்பவில்லை என்று விலகிக்கொண்டது, அரசு வழக்கறிஞர்கள் விடவில்லை. 2012 செப்டம்பரில் குற்றச்சாட்டுகளை 13 ஆக உயர்த்தினார்கள். 2013 ஜனவரி 11 அன்று ஸ்வார்ட்ஸ் தற்கொலை செய்துகொண்டார். வயது 26.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கவனத்துக்குரியது. அதே 2013இன் ஆகஸ்டில் லண்டன் நகரின் நடுப்பகுதியில், விளம்பரத் திரையோடு வைத்திருந்த சில குப்பைத்தொட்டிகள், கடந்துபோகிறவர்களின் கைபேசிகள் காற்றில் வீசுகிற மேக் எண்களைப் பிடித்துச் சேர்த்துவந்தது அம்பலமானது. எந்த எண் எப்போது வந்தது, எத்தனை முறை வந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்பது வரைக்கும். நகராட்சி நிறுத்தச் சொன்னது. 2014 ஜனவரியில், கனடாவின் உளவு அமைப்பு விமான நிலைய வைஃபையிலிருந்து பயணிகளின் கருவிகளைத் தொடர்ந்து பின்பற்றிப் பார்த்த பரிசோதனை ஒன்று ஸ்னோடன் ஆவணங்களின் வழியாக வெளிவந்தது. அதே ஆண்டு ஆப்பிள் தன் கைபேசிகளை, வைஃபை தேடும்போது பொய் எண்ணைச் சொல்லும்படி மாற்றியது. 2019இல் ஆண்ட்ராய்டு 10, இணைகிற ஒவ்வொரு வலைக்கும் வெவ்வேறு எண்ணை வைத்துக்கொள்வதை இயல்பாக்கியது. 2020இல் ஆப்பிளும் அப்படியே. இன்றைக்கு இதைப் படிக்கிறவர் சட்டைப்பையில் இருக்கும் கைபேசி, அவருக்குத் தெரியாமலேயே, 2011இல் வஞ்சகத்தின் சாட்சியாக வைக்கப்பட்ட அதே காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறது.

தனி ஆள் தன் பெயரைத் தானே மாற்றினால் ஆள்மாறாட்டம். கம்பெனி எல்லோருக்கும் சேர்த்து மாற்றினால் தனியுரிமை வசதி. மாற்றம் ஒன்றுதான். யார் கை மாற்றுகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

நம் நாட்டுக் கணக்கு இன்னும் சிக்கல். இங்கே மேக்கைவிட ஐ.பி. எண்தான் ஆட்களைப் பிடித்துக் கொடுத்திருக்கிறது, சில நேரம் தவறான ஆட்களை. 2007 ஆகஸ்டில் ஆர்குட்டில் சிவாஜி பற்றி அவதூறாக எழுதியதாக பெங்களூர்க் கணினிப் பொறியாளர் ஒருவரைப் புனே போலீசார் பிடித்துப்போனார்கள். தொலைத்தொடர்பு நிறுவனம் கொடுத்த ஐ.பி. விவரமே தப்பு. அது தெரிந்து வெளியே வருவதற்குள் 50 நாள் சிறை. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்றுமுன் போன மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் வீட்டு ஐ.பி.யைக் காட்டியது, அவருடைய வைஃபை பூட்டில்லாமல் திறந்து கிடந்ததை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். இரண்டிலுமே எண் பொய் சொல்லவில்லை. எண்ணிலிருந்து மனிதருக்குத் தாவிய அந்த ஒரு தாவலில்தான் எல்லாம் நடந்தது.

உடம்பிலேயே அடையாளம் எடுத்த வரலாறும் இந்தப் பக்கத்து மண்ணுக்கு உண்டு. திண்டுக்கல் 1985 வரை மதுரை மாவட்டத்தில் இருந்தது. அந்தப் பழைய மதுரை மாவட்டத்தில்தான் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் பிரமலைக் கள்ளர்களிடம் கைரேகை எடுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. விரல் ரேகையைக் கழற்றி வைக்க முடியாது. மேக்கைக் கழற்றி வைக்கலாம், வேறு மாட்டிக்கொள்ளலாம். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது அந்த ஊர்க்காரர்களின் அனுபவத்தைச் சின்னதாக்குவது. ஆனால் கழற்றக்கூடியதைக் கழற்ற முடியாதது போல நடத்தும் ஆசை அதிகாரத்துக்கு எப்போதும் இருக்கிறது என்பதற்காக இதைச் சொன்னேன்.

கைபேசியின் ஐ.எம்.இ.ஐ. எண்ணில் அது நடந்தேவிட்டது. 2009இல், அந்த எண் இல்லாத மலிவுக் கைபேசிகளுக்கு நவம்பர் முடிவோடு இணைப்பைத் துண்டிக்க அரசு உத்தரவிட்டபோது, அப்படிப்பட்ட செட்டுகளை லட்சக்கணக்கானோர் வைத்திருந்தார்கள். கைபேசி நிறுவனங்களின் சங்கமே கடைகளில் மென்பொருள் வைத்து, எண் இல்லாத செட்டுக்கு எண் 'பதித்து'க் கொடுத்தது. பிறக்கும்போது இல்லாத பிறவி எண்ணைக் கவுண்டரில் காசு கொடுத்து வாங்கினோம். 2017இல் அந்த எண்ணைத் திருத்தினால் மூன்றாண்டுச் சிறை என்று விதி வந்தது. கவுண்டரில் பதித்தால் சேவை, வீட்டில் பதித்தால் குற்றம்.

மேக்கை மாற்றுவதே குற்றம் என்று சொல்லும் பிரிவு எதுவும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இல்லை. இன்னொருவரின் அடையாளத்தை நேர்மையற்றுப் பயன்படுத்தினால் 66சி, கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி. இரண்டிலும் ஏமாற்றும் எண்ணம் இருக்க வேண்டும். ஆனால் 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் 'தொலைத்தொடர்பு அடையாளக் குறி' என்ற சொல்லை மிக அகலமாக வரையறுக்கிறது: பயனரையோ சேவையையோ வலையையோ அதன் உறுப்பையோ கருவியையோ தனித்து அடையாளம் காட்டப் பயன்படும் எண்கள், எழுத்துகள், குறிகளின் எந்தத் தொடரும் அதற்குள் வரும். அப்படிப்பட்ட குறியைத் திருத்துவது 42ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. 2024 ஜூன் 26 முதல் அந்தப் பிரிவு நடப்பில் இருக்கிறது. எழுதியவர்கள் மனதில் இருந்தது ஐ.எம்.இ.ஐ.யும் சிம் கார்டும்தான் என்று நினைக்கிறேன். ஆனால் வாசகத்தை எடுத்து வைத்து மேக் முகவரியும் இதற்குள் வரும் என்று ஒரு வழக்கறிஞர் வாதாடினால், வராது என்று சொல்ல அந்த வரையறைக்குள் எந்த வார்த்தையும் இல்லை. வரும் என்றால் ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கிற அத்தனை பேரும் தினசரி குற்றவாளிகள். அத்தனை பேர் மேலும் போடப்படாத ஒரு சட்டம், வேண்டிய ஆள் மேல் மட்டும் போடப்படும் என்பதைச் சங்கம் நடத்துகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே, மாற்றுகிறவர்கள் உள்ளூர் பிட் உள்ள எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். அது யாருடைய எண்ணும் இல்லை, எந்த நிறுவனத்துடையதும் இல்லை. தரநிலையே அனுமதித்த எண். பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணைத் திருடிப் போடுவதும் இதுவும் ஒன்றல்ல என்று எந்த மேடையிலும் நின்று பேசலாம்.

ஒரு சின்ன விசயம் விட்டுப்போகிறது. எண்ணை மாற்றுகிற பலரும் கணினியின் பெயரை மாற்றுவதில்லை. வலையில் நுழைந்து ஐ.பி. கேட்கும்போது பெரும்பாலான கருவிகள் தங்கள் பெயரையும் சேர்த்தே சொல்கின்றன. ரவுட்டரின் பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்திலேயே அந்தப் பெயரும் உட்கார்ந்திருக்கும். தன் முழுப்பெயரையே கணினிக்கு வைத்திருப்பவர்கள் உண்டு, அமைப்பின் பெயரையும் கிளையின் பெயரையும் சேர்த்து வைத்திருக்கிற அலுவலகங்களும் உண்டு. விண்டோசில் சிஸ்டம் அமைப்புகளுக்குள் 'ரீநேம் திஸ் பிசி' என்று இருக்கும், கைபேசியில் 'அபவுட் போன்' பக்கத்தில். 'கணினி 1' என்று ஏதாவது ஒன்றை வைத்துவிட்டு, ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.